ஆடலும் நாணமும்

மனித உடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. மன்னர்களுக்கும் போர்களுக்கும் நிலவரிகளுக்கும் வரலாறு எழுதிய நாம், உடல் எப்போது நிமிர்ந்தது, எப்போது கூனியது, எப்போது ஆடியது, எப்போது தன் ஆட்டத்தை எண்ணித் தானே நாணியது என்பதை எழுதி வைக்கவில்லை. ஆயினும், ஒரு சமுதாயத்தின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். அங்கே யார் ஆடலாம்? யார் ஆடக்கூடாது? ஆடுவோரைப் பிறர் எந்தக் கண்கொண்டு பார்க்கின்றனர்? நிலவுடைமையும் சாதியும் பெண்ணடிமையும் அந்நிய ஆட்சியும் இம்மூன்று கேள்விகளுக்கான விடைகளில் அடங்கிக் கிடப்பதைக் காண்போம்.

இன்று மேனாடுகளில் ஒரு நடனக் கொள்கை பரவலாகப் பேசப்படுகிறது. நடனம் பார்ப்போர் கண்ணுக்கு விருந்தாக அமைவது மட்டுமன்று. ஆடுபவர் தம் உடலை உள்ளிருந்தே உணர்ந்து, அதனோடு சமாதானம் கொண்டு, தம் உண்மை இயல்பை வெளிப்படுத்தும் வழியும் அதுவே என்பது அக்கொள்கையின் சாரம். இதற்கு முன்னோடிகள் உண்டு. இடையை இறுக்கிய கச்சையையும் கால்விரலை நெரித்த பாதணியையும் களைந்து வெறுங்காலுடன் மேடையேறிய இசடோரா டங்கன் (1877-1927) முதலில் நினைவுக்கு வருபவர். 1950-களில் மேரி வைட்ஹவுஸ் என்ற அமெரிக்க மாது, கண்ணை மூடி உள்ளத்து உந்துதலுக்கு உடலை ஒப்புக்கொடுத்து அசையும் ஒரு முறையை வகுத்தார். உடல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சோமாட்டிக்ஸ்' என்ற பெயரை 1976-இல் இத்துறைக்குச் சூட்டியவர் தாமஸ் ஹன்னா என்ற தத்துவ ஆசிரியர்.

கொள்கை நல்லது, அதில் ஐயமில்லை. கண்ணாடியில் தெரியும் உருவம் வேறு, உள்ளிருந்து உணரப்படும் உடல் வேறு என்ற உண்மை எவருக்கும் பயன்படக் கூடியதே. ஆனால் "உன் உடலை ஏற்றுக்கொள்" என்று ஒருவனிடம் சொல்லுமுன், அவன் உடலை அவன் வெறுக்கும்படி செய்தவர் யார் என்று கேட்க வேண்டாமா? நாணம் பிறவிக் குணமன்று. ஐந்து வயதுக் குழந்தை மேளச் சத்தம் கேட்டவுடன் ஆடுகிறது. பதின்மூன்று வயதில் அதே குழந்தை சுவரோரம் ஒதுங்கி நிற்கிறது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அதன் உடலுக்குள் புகுந்தது எது? இக்கேள்விக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றில் விடை தேட முயல்வோம்.

1

வண்ணார்பண்ணையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், வைத்திலிங்கச் செட்டியார் என்ற வணிகர் அங்கே வைத்தீசுவரன் கோயிலைக் கட்டுவித்தார். அந்நிய மதக் கெடுபிடி தளர்ந்து சைவக் கோயில்கள் மீண்டும் தலைதூக்கிய காலம் அது. கோயிலோடு நாதசுரமும் தவிலும் வந்தன, சதிரும் வந்தது. நாதசுரக் குழுவைப் பெரியமேளம் என்றும் சதிர்க் குழுவைச் சின்னமேளம் என்றும் வழங்குவது யாழ்ப்பாணத்து மரபு. சின்னமேளத்தில் ஆடிய பெண்களுக்குக் கோயிலில் ஒரு மதிப்பும் கோயிலுக்கு வெளியே வேறொரு மதிப்பும் இருந்தன. இவ்விரு மதிப்பையும் வைத்தவர் ஒரே கூட்டத்தார்தாம்.

19ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைச் சார்ந்து வாழ்ந்த கனகி என்ற கணிகையைப் பற்றி நட்டுவச் சுப்பையனார் பாடியது கனகி புராணம். முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியுள்ளன. யாழ்ப்பாணத்துச் செல்வர்களும் உத்தியோகத்தர்களும் கனகியின் வாசலில் நின்ற கோலத்தை எள்ளி நகையாடுவது அந்நூல். பெரிய மனிதரின் போலி ஒழுக்கத்தைத் தோலுரித்த அங்கதம் என்ற வகையில் அதற்கு இலக்கிய வரலாற்றில் இடமுண்டு. ஆனால் அதில் கனகி பேசுவது கிடையாது. அவள் எத்தனை வயதில் சதங்கை கட்டினாள், எந்த அடவில் அவள் கால் நொந்தது, ஆடும்போது அவளுக்கு மகிழ்ச்சி உண்டாயிற்றா என்பவற்றைக் கேட்க அக்காலத்தில் ஒருவரும் இருக்கவில்லை. அவளைச் சுற்றி நின்றவர்களுக்குப் பெயருண்டு, ஊருண்டு, பாட்டுண்டு. அவளுக்கு எஞ்சியது உடல் ஒன்றே. அதுவும் பிறர் சொல்லில் எஞ்சிய உடல்.

இக்கனகியை எண்ணிப் பார்க்கையில், "ஆடல் என்றாலே விடுதலை" என்ற எளிய முடிவுக்கு நாம் வர இயலாது. பிறப்பினால் விதிக்கப்பட்டு, கோயில் மானியத்தாலும் செல்வர் தயவாலும் கட்டுண்டு ஆடிய ஆட்டம் எத்துணை நுட்பம் வாய்ந்ததாயினும் அடிமைத்தனத்தின் நிழல் படிந்தது. அதே வேளையில், அந்த அடிமை நிலைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தாளத்தையும் அபிநயத்தையும் காத்து நமக்குக் கையளித்தவர்களும் அவர்களே. இவ்விரு உண்மைகளையும் சேர்த்துப் பிடிக்காதவன் கலை வரலாற்றைப் படிக்கத் தகுதியற்றவன்.

2

இந்த ஆட்டத்தின் மீது 19ஆம் நூற்றாண்டில் இரு திசைகளிலிருந்து கணைகள் பாய்ந்தன. 1816-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் கோயிற் சதிரையும் கிராமத்துக் கூத்தையும் ஒருசேரக் கண்டித்தனர். 1824-இல் அவர்கள் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலை, பெண் கல்விக்கு ஆற்றிய பணி மகத்தானது. எழுத்தையே காணாதிருந்த பெண்ணினத்திற்கு அது எழுத்தைக் கொடுத்தது. ஆனால் அதே கையால் ஒரு புதிய ஒழுக்கத்தையும் கொடுத்தது. அடக்கமாக நடப்பதும், மெல்லப் பேசுவதும், கைகட்டி நிற்பதும் நாகரிகத்தின் சின்னங்களாயின. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்து நாணம் கப்பலேறி வந்து நம் வீடுகளில் குடியேறியது.

மறுபுறம் ஆறுமுக நாவலர் (1822-1879). 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் அவர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்திய இடம் அதே வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயில்தான். அடுத்த ஆண்டில் அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனரிமாரின் தாக்குதலைத் தடுக்க வேண்டுமாயின் சைவம் தன் வீட்டைத் தானே கூட்டிப் பெருக்கித் தூய்மை செய்ய வேண்டும் என்று அவர் கருதினார். ஆகவே, உயிர்ப்பலியையும் கோயில் அதிகாரிகளின் சீர்கேட்டையும் சாடியதோடு, திருவிழாக்களில் தாசியர் ஆடுவதையும் கடுமையாகச் சாடினார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிர்வாகத்தாரோடு அவர் 1870-களில் நடத்திய போராட்டத்தில் இதுவும் ஒரு பொருளாக அமைந்தது.

நாவலரின் துணிவையும் தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய தொண்டையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கோயிற் பணத்தைக் கேளிக்கையில் கரைத்த செல்வர்களை அவர் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. ஆயினும் ஒன்றை நோக்க வேண்டும். மிஷனரியும் நாவலரும் எல்லாவற்றிலும் எதிரெதிராய் நின்றவர்கள்; ஆடும் பெண்ணைப் பற்றிய தீர்ப்பில் மட்டும் ஒன்றுபட்டனர். இருவர் தீர்ப்பிலும் களங்கம் இருந்தது அவள் உடலிலேயன்றி, அவளை அவ்வாறு வாழ வைத்த ஏற்பாட்டில் அன்று. அவளுக்கு மாற்று வாழ்வு எது, அவள் பிள்ளைகளுக்குக் கல்வி எங்கே என்ற கேள்வி எழவில்லை. கலை பழிக்கப்பட்டது, கலைஞர் கைவிடப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் திருவிழாக்களில் சின்னமேளம் தொடர்ந்து நடந்ததும், அதைக் காணச் சென்றவர்களே மறுநாள் அதைப் பழித்ததும், அந்தத் தீர்ப்பின் போலித்தனத்திற்குச் சான்று.

3

இதே காலத்தில் அக்கரையில் நடந்ததையும் சிறிது பார்ப்போம்; யாழ்ப்பாணத்துக் கலை வாழ்வு சென்னையோடு பின்னிப் பிணைந்தது. அங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1947-இல் சட்டம் நிறைவேறியது. இடையில், 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. தஞ்சாவூர் மரபில் வந்த பாலசரஸ்வதி (1918-1984) போன்ற ஒரு சிலர் பழைய குலத்தின் உரிமையோடு தொடர்ந்து ஆடி உலகப் புகழ் பெற்றனர். பெரும்பாலானோர் மேடையிலிருந்து மறைந்தனர். ஆட்டம் காப்பாற்றப்பட்டது, ஆடியவர் மாற்றப்பட்டனர்.

அந்த மாற்றம் யாழ்ப்பாணத்தையும் எட்டியது. 1931-இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை படிமுறைத் தேர்வுகளை நடத்தியது. 1960-இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி தொடங்கிற்று. 1970-களில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஏரம்பு சுப்பையா போன்ற ஆசிரியர்கள் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினர். ஒரு காலத்தில் பெயர் சொல்லவே கூசிய ஆட்டத்தைப் படித்த குடும்பத்துப் பெண்கள் அரங்கில் ஆடினர். இது பெரிய முன்னேற்றம். பெண் மேடையேறலாம், பலர் முன்னிலையில் கைவீசிக் காலுயர்த்தி நிற்கலாம் என்ற உரிமை அற்பமான ஒன்றன்று.

ஆனால் நாணம் முற்றாக நீங்கிவிட்டதா? இல்லை, உருமாறிற்று. முன்பு ஆடினால் இழிவு என்றிருந்தது. இப்போது ஆடினால் கௌரவம் என்றாயிற்று. இரண்டிலும் உடல் தனக்குரியதன்று. அரங்கேற்றம் என்பது பல குடும்பங்களில் செல்வத்தைப் பறைசாற்றும் சடங்காகிவிட்டது. புலம்பெயர்ந்த நாடுகளில் இது திருமணத்தை ஒத்த ஆரவாரமாக வளர்ந்திருப்பதை எவரும் காணலாம். கறுத்த பெண்ணின் முகத்தில் வெளிறிய அரிதாரம் பூசப்படுகிறது. பருத்த சிறுமி பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறாள். ஏழை வீட்டுப் பிள்ளை உடைக்கும் நகைக்கும் வழியின்றி ஒதுங்கிவிடுகிறாள். அரங்கேற்றம் முடிந்து திருமணம் பேசப்பட்டவுடன் சலங்கை பெட்டிக்குள் போய்விடுகிறது. உடல் தன்னை வெளிப்படுத்தக் கற்றதா, அல்லது குடும்பத்தின் பெருமையை வெளிப்படுத்தக் கற்றதா என்று நாம் கேட்டால் அது குற்றமாகுமா?

4

கோயில் மண்டபத்தையும் சபா மேடையையும் விட்டு, இனி வயல்வெளிக்கும் கடற்கரைக்கும் வருவோம். உழைக்கும் மக்களுக்கு அவர்களுக்கே உரிய ஆட்டம் இருந்தது, அதுவே கூத்து. வட்டுக்கோட்டைப் பகுதியில் வடமோடிக் கூத்து. பாசையூர், குருநகர், நாவாந்துறை முதலிய கரையோர ஊர்களில் கத்தோலிக்கக் கூத்து. ஊர்தோறும் காத்தவராயன் கூத்து. பகலெல்லாம் மண்வெட்டி பிடித்த கையும் வலை இழுத்த தோளும் இரவில் மத்தளத்துக்கு அசைந்தன. அண்ணாவியார் கற்பித்தது தாளக்கட்டும் வரவும் மட்டுமன்று. விடியும்வரை களைக்காமல் நிற்கும் வலுவையும், பலரோடு சேர்ந்து ஒரே மூச்சில் அசையும் ஒழுங்கையும் அவர் கற்பித்தார். அங்கே கண்ணாடி இல்லை. ஒல்லியானவன், பருத்தவன், கறுத்தவன் என்ற தரப்பிரிவு கிடையாது. குரலும் காலும் உள்ளவன் ஆடலாம். மேனாட்டார் இன்று புதிதாய்ப் பேசும் 'உள்ளிருந்து உணரும் உடல்' நம் களரியில் பெயரின்றியே வாழ்ந்தது.

ஆனால் கூத்தையும் நாம் கண்மூடிப் புகழ்வதற்கில்லை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். பெண்ணுக்குக் களரியில் இடமில்லை, பாயில் அமர்ந்து பார்க்கும் இடமே உண்டு. கதைகள் பெரும்பாலும் அரசர் கதைகள். ஆடியவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட மக்கள். ஆகவே படித்தவர் அதைக் 'கூத்தாடிகள் வேலை' என்று ஒதுக்கினர். மேலும் ஒரு நிகழ்ச்சி சிந்தனைக்குரியது. மட்டக்களப்பில் கூத்தின் ஆட்டம் வலுவோடு தொடர்ந்திருக்க, யாழ்ப்பாணத்தின் பல பகுதிகளில் ஆட்டம் மெலிந்து பாட்டு ஓங்கிற்று. தமிழகத்து நாடகக் குழுக்களின் செல்வாக்கால் இசை நாடகம் வளர்ந்தது; காங்கேசன்துறை வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திரன் மக்களின் நெஞ்சை உருக்கிய பெருங்கலை. அதன் சிறப்பை மறுப்பவர் இல்லை. எனினும் குரல் நிமிர்ந்து நிற்க உடல் அடங்கிப்போன வரலாற்றுப் போக்கு ஒன்று அதில் தெரிகிறதன்றோ?

ஏன் அடங்காது? இந்தக் குடாநாட்டில் உடலே சாதியின் ஏடாக இருந்தது. ஒடுக்கப்பட்ட ஆண் தோளில் சால்வை போடக்கூடாது. பெண் மேற்சட்டை அணியக்கூடாது. காலில் செருப்புக் கூடாது. பெரியவர் எதிர்ப்பட்டால் ஒதுங்கிக் குனிய வேண்டும். தேநீர்க் கடையில் தனிக் குவளை; கோயிலில் வெளி வீதி. இப்படிப் பல தலைமுறையாகக் குனியப் பழகிய முதுகிடம் "உன் உடலை நேசி" என்று உபதேசிப்பது கேலிக்கூத்தாகும். முதலில் அந்த முதுகை அழுத்தும் கையை எடுக்க வேண்டும்.

அந்தக் கையை எடுக்க மக்களே எழுந்தனர். 1943-இல் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தோன்றியது. 1957-இல் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஏட்டில் வந்ததே தவிர வீதிக்கு வரவில்லை. 1966 அக்டோபர் 21-இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) முதலிய நாவல்கள் இப்போராட்ட உலகைச் சித்திரித்தன. அடிபட்டும் நிமிர்ந்து நடந்த அந்த ஊர்வலத்தினரின் நடையைக் காட்டிலும் சிறந்த 'உண்மையான உடல் வெளிப்பாடு' வேறு எங்கே உண்டு?

இங்கே ஒரு நுட்பமான செய்தியை நாம் மறக்கக் கூடாது. இப்போராட்ட காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் பலர், உயர்சாதியார் வீட்டுச் சாவுக்குப் பறை அடிக்க மறுத்தனர். பறை ஓர் உயர்ந்த தோற்கருவி. அதன் தாளத்தில் ஆழ்ந்த கலை உண்டு. ஆயினும் அடிமைத் தொழிலாக விதிக்கப்பட்ட வரை, அதை அடிக்காமல் இருப்பதே மானமாயிற்று. அசைவைப் போலவே அசைய மறுப்பதும் உடலின் மொழிதான். கனகிக்கு இல்லாதிருந்தது இந்த மறுக்கும் உரிமையே. ஆடும் உரிமையும் ஆடாதிருக்கும் உரிமையும் ஒருங்கே கிடைக்கும்போதுதான் ஆடல் சுதந்திரமாகிறது. ஒன்று மட்டும் கிடைத்தால் அது ஏவலாகவோ தடையாகவோதான் இருக்கும்.

5

1960-களில் கூத்துக்குப் புத்துயிர் கிடைத்தது. 1956-இல் சிங்கள நாடகத்துறையில் சரச்சந்திரவின் 'மனமே' கொழும்பில் அரங்கேறி, நாட்டார் மரபிலிருந்து நவீன நாடகம் எழக்கூடும் என்று காட்டிற்று. தெல்லிப்பழையில் பிறந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கூத்தைக் கையில் எடுத்தார். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு 1962-இல் 'கர்ணன் போர்', தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய நடந்த கூத்து சில மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. பட்டப்படிப்பு மாணவர்கள் காலில் சதங்கை கட்டிக் கிராமத்து உழவனின் அடியை ஆடினர். 'கூத்தாடி' என்ற வசைச்சொல்லின் நச்சுப்பல் அன்று பிடுங்கப்பட்டது.

அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு 1969-இல் 'சங்காரம்' என்ற நாடகத்தில் சாதி, வர்க்க, இன வேற்றுமைகளை வடமோடி ஆட்டத்தால் சங்கரிக்கச் செய்தார். ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' கூத்துருவம் பெற்று ஊர் ஊராக ஆடப்பட்டது. அரசன் வேடம் கட்டிய உடல் இப்போது தன் சொந்தக் கதையை ஆடியது. 1980-களில் மௌனகுருவின் 'சக்தி பிறக்குது' பெண்ணின் அடிமை நிலையை ஆடலின் பொருளாக்கியது. கரையோரத்தில், 1965-இல் தோன்றிய திருமறைக் கலாமன்றம் கத்தோலிக்கக் கூத்து மரபைப் பேணி வளர்த்தது.

பின்னர் போர் வந்தது. சாதி எழுதிய உடலின் மேல் துப்பாக்கி எழுதத் தொடங்கியது. சோதனைச் சாவடியில் கையுயர்த்தி நின்ற உடல், பதுங்கு குழியில் குறுகிய உடல், 1995 அக்டோபர் 30 இரவில் வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்களோடு செம்மணி வீதியில் ஊர்ந்த உடல் - இவற்றுக்கு எந்த நாட்டியத்தில் முத்திரை உண்டு? 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985-இல் அதற்கு ஒரு மொழி தேடிற்று. உழவரும் கடற்றொழிலாளரும் சுமந்த துயரைக் கூட்டு அசைவாலும் குரலாலும் அது காட்டியது. மேனி என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய நாடகம் அது. 1990-களின் தொடக்கத்தில் சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போரினால் உடைந்த மனத்தை அரங்குக்குக் கொண்டுவந்தது.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் உளக்காயங்களை ஆராய்ந்து 1998-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். நம் மக்கள் துயரத்தைச் சொல்லால் சொல்வதற்கு முன் உடலால் சொல்கிறார்கள் என்பது அவரைப் போன்றோர் கண்ட உண்மை. நெஞ்சு எரிகிறது, தலை கனக்கிறது, கை கால் விறைக்கிறது என்று வருகிறவரிடம் அடங்கிய அழுகை இருக்கிறது. உடலில் அடைபட்டது உடல் வழியே வெளியேற வேண்டும். ஒப்பாரியும் சடங்கும் கூத்தும் நம் முன்னோர் வகுத்த வழிகள். மேனாட்டுக் கொள்கையும் நம் மரபும் கைகோக்கும் இடம் இது.

போரில் கால் இழந்தோர் பலர். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் பொருத்தி வந்திருக்கிறது. 1981-இல் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் என்ற நடன மங்கை, ஜெய்ப்பூர்க் காலைப் பொருத்திக்கொண்டு 1984-இல் மீண்டும் மேடையில் ஆடியதை உலகம் வியந்தது. வியப்போடு நிற்பது போதாது. குறைவற்ற உடலே ஆடத்தக்கது என்ற விதியை எழுதியவர் யார்? கால் இழந்த ஒருவருக்குக் கையசைவும் கண்ணசைவும் மூச்சும் இருக்கின்றன. அவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை வகுப்பது ஆசிரியன் கடமை. அவர் ஆட்டத்திற்குத் தக்கவரல்லர் என்பது ஆட்டத்தின் வறுமையே தவிர அவருடைய குறையன்று.

6

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? உடலை ஏற்றுக்கொள்வது என்பது தனிமனிதர் தம் அறைக்குள் கண்ணை மூடிச் செய்துகொள்ளும் மனப்பயிற்சி மட்டுமன்று. சால்வை போடும் உரிமை, மேற்சட்டை அணியும் உரிமை, கோயில் வாசலைக் கடக்கும் உரிமை, களரியில் பெண் ஏறும் உரிமை, பறையை மறுக்கும் உரிமை ஆகியவை போராடிப் பெறப்பட்ட பின்னரே உடல் தன்னைத் தனதென்று உணர்கிறது. மேனாட்டு நகரங்களில் கட்டணம் செலுத்தியோர் மட்டும் பெறும் சரக்காக இக்கொள்கை விற்கப்படுமானால், அது மற்றுமோர் ஆடம்பரமாய் முடியும். எல்லோர்க்கும் உரியதாக வேண்டுமானால் அது பொதுப் பாடசாலைக்கு வரவேண்டும்.

நம் பாடசாலைகளில் நடனம் அழகியற் பாடமாக இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் பாடமாக இருக்கிறது. வாய்ப்புக்குக் குறைவில்லை. ஆனால் நடனம் தமிழ்த்தினப் போட்டிக்கும் தேர்வுப் புள்ளிக்கும் உரியதாகக் குறுகிவிட்டது. அழகான பத்துப் பிள்ளைகள் தெரிந்தெடுக்கப்படுகின்றனர்; மற்றவர் கைதட்டுகின்றனர். நாம் வேண்டுவது மாற்று முறை. தெரிவின்றி வகுப்பு முழுவதும் ஆடட்டும். பரதத்தின் அடவோடு கூத்தின் தாளக்கட்டும் கற்பிக்கப்படட்டும். ஆணும் பெண்ணும், உயரமும் குள்ளமும், கறுப்பும் மாநிறமும், ஊன்றுகோல் ஏந்தியவரும் ஒரே வட்டத்தில் நிற்கட்டும். ஆட விரும்பாத பிள்ளையை எவரும் வற்புறுத்தாதிருக்கட்டும். ஆடும் பிள்ளையின் உடலைப் பற்றி ஏளனச் சொல் சொல்லும் ஆசிரியரை அப்பணிக்குத் தகுதியற்றவர் என்று கருதும் நிலை உருவாகட்டும்.

அத்துடன் கனகியின் பெயரையும் பாடத்தில் சேர்ப்போம். மேடையில் இன்று பெருமையுடன் ஆடும் ஒவ்வொரு மாணவியும் தன் காலடித் தாளம் யாருடைய நொந்த காலிலிருந்து வந்தது என்று அறிய வேண்டும். கூத்து ஆடும் ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டனைக் 'கூத்தாடி' என்று பழித்தவர் யாரென்று அறிய வேண்டும். இந்த அறிவு கசப்பானது. ஆனால் நாணத்திற்கு மருந்து அதுவே. தன்மேல் நாணத்தைச் சுமத்தியது எது என்று அறிந்தவன், அதைத் தன் குறையென்று இனி எண்ணமாட்டான்.

ஐந்து வயதில் ஆடிய குழந்தை பதின்மூன்று வயதிலும், முப்பதிலும், அறுபதிலும், தன் விருப்பத்தால் ஆடக்கூடிய ஒரு சமுதாயத்தை ஆக்குவது நம் கையில் இருக்கிறது. அதற்கான மத்தளம் ஒவ்வொரு ஊர்ப் பாடசாலையிலும் முழங்கட்டும்!